தலைவரை இழந்த விவசாய இயக்கம்: ஒரு துணைச் செயலாளரின் கேள்விக்குப் பதில்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): கொங்குப் பகுதியில் ஒரு வட்டத்தில், இருபத்திரண்டு ஊர்களில் கிளைகள் உள்ள விவசாயிகள் இயக்கத்தில் பதினொரு ஆண்டுகளாகத் துணைச் செயலாளராக இருக்கிறேன். குளங்களுக்கு நீர் வரும் வாய்க்கால்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பதும், உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஆட்களை நிறுத்துவதும் எங்கள் வேலை. இயக்கத்தைத் தொடங்கி நடத்திவந்த தலைவர் இரண்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பால் காலமாகிவிட்டார். அவருடைய மகனைத் தலைவராக்க வேண்டும் என்று ஒரு சாராரும், மூத்த துணைத் தலைவர்தான் வர வேண்டும் என்று இன்னொரு சாராரும் பேசுகிறார்கள். அலுவலகம் இருக்கும் இடத்தின் பத்திரம் தலைவர் பெயரில் இருக்கிறது. இயக்கப் பணத்தில் ஒரு பகுதியும் அவருடைய சொந்தக் கணக்கில்தான் இருந்தது. அவர் நாள் குறித்துவிட்டுப் போன நடைப்பயணம் அடுத்த மாதம் வருகிறது. துக்கம் ஆறட்டும், தள்ளிவைக்கலாம் என்கிறார்கள். அவர் இல்லாமல் இந்த இயக்கம் நடக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

உங்கள் தலைவரின் மறைவுக்கு முதலில் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டு மாதம் என்பது ஒரு குடும்பம் துக்கத்திலிருந்து எழுந்து உட்காரவே போதாத காலம். அதற்குள் பத்திரம், பணம், பதவி என்று பேச வேண்டியிருப்பது உங்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கிறது என்பது கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். சங்கங்களுக்குத் துணைவிதி எழுதிக்கொடுப்பதும், அவை உடைந்து வழக்காகும்போது நீதிமன்றத்தில் நிற்பதும் முப்பது ஆண்டுகளாக என் தொழில். தலைவர் இறந்ததாலேயே ஓர் இயக்கம் அழிந்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர் செய்துவந்த வேலைகளை எடுத்துச் செய்ய ஆளில்லாமல், அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றியே எல்லாரும் ஓராண்டு பேசிக்கொண்டிருந்ததில் கரைந்துபோனவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடைப்பயணத்தைத் தள்ளிவைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1968 பிப்ரவரி 1ஆம் தேதி, மழைக்காகக் குப்பை வண்டிக்குள் ஒதுங்கியிருந்த இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பையை நசுக்கும் எந்திரத்தில் சிக்கி இறந்துபோனார்கள். அந்த மாதம் 12ஆம் தேதி சுமார் 1,300 தொழிலாளர்கள், ஏறக்குறைய எல்லாருமே கறுப்பின மக்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணை நிற்கச் சென்றிருந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4ஆம் தேதி மாலை, தங்கியிருந்த விடுதியின் மாடத்தில் நின்றுகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தலைமையில் 8ஆம் தேதி நடக்கவிருந்த ஊர்வலத்தை அவர்கள் கைவிடவில்லை. கணவருக்கு மறுநாள் இறுதிச் சடங்கு என்ற நிலையில், கொரெட்டா தம் பிள்ளைகள் மூவரை அழைத்துக்கொண்டு வந்து அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தார். ஆயிரக்கணக்கானோர் கோஷம் எதுவும் எழுப்பாமல் பின்னால் நடந்தார்கள். ஏப்ரல் 16ஆம் தேதி நகர நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. ஊதிய உயர்வுக்கும் ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு, கிங்கின் அமைப்பு நடத்திய இன்னொரு போராட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் பாடம் முழுமையாகும். ஏழைகளுக்கான பெரும் இயக்கம் ஒன்றைத் தலைநகர் வாஷிங்டனில் நடத்த கிங் திட்டமிட்டிருந்தார். அவர் தம் காலத்திலேயே வாரிசாக அடையாளம் காட்டியிருந்த ரால்ஃப் அபர்னாத்தி மே மாதம் அதை நடத்தினார். பலகைக் குடிசைகள் போட்டு மக்கள் ஆறு வாரம் தங்கினார்கள். மழை பெய்து தரையெல்லாம் சேறானது. ஜூன் 24ஆம் தேதி காவல் துறை அந்த இடத்தைக் காலி செய்துவிட்டது. அபர்னாத்தி உழைக்கவில்லை என்றோ தகுதியற்றவர் என்றோ சொல்ல மாட்டேன். மெம்ஃபிஸில் 1,300 பேருக்கும் தங்களுக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது: சங்கத்துக்கு அங்கீகாரம், ஊதிய உயர்வு, உயிருக்குப் பாதுகாப்பு. அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு சங்கமும் இருந்தது. வாஷிங்டனிலோ கோரிக்கைகள் பல துறைகளுக்குச் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே குரலில் கோத்துச் சொல்லக்கூடியவர் உயிரோடு இல்லை. ஆகவே உங்கள் நடைப்பயணத்தின் கோரிக்கையை, எந்தக் கிளைக் கூட்டத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி சுருக்குங்கள். எந்தக் குளத்துக்கு வரும் எந்த வாய்க்கால், எங்கிருந்து எதுவரை அடைபட்டிருக்கிறது, அதை அளந்து கல் நட வேண்டிய அதிகாரி யார் என்பது அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பகுதியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. உங்கள் உறுப்பினர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அது நேரில் கண்ட வரலாறு. கோவை அருகே வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு 1970 முதல் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகளைத் திரட்டினார். 1972இல் கோவை நகரத் தெருக்களை மாட்டுவண்டிகளால் நிறைத்து நிறுத்திய போராட்டத்தை இன்றும் சொல்லாத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். கடனுக்காக ஜப்தி செய்ய வந்தவர்களை ஊரே கூடி மறித்தது. 1982இல் அவர் ஒரு கட்சியும் தொடங்கினார். 1984 டிசம்பர் 21ஆம் தேதி, தேர்தல் பணிக்காகச் சென்ற கோவில்பட்டியில் காலமானார். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அதன்பின் மாநில அளவிலான சங்கம் பல சங்கங்களாகப் பிரிந்தது. அவர் தொடங்கிய கட்சி நிலைபெறவில்லை. ஆனால் கோரிக்கை சாகவில்லை. சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் என்பதை 1984இலேயே எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்டிருந்தது, 1989இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. நாயுடு அதைக் கண்ணால் பார்க்கவில்லை. இன்றும் ஜூலை 5ஆம் தேதியை உழவர் தினமாக வெவ்வேறு சங்கங்கள் தனித்தனியே அனுசரிக்கின்றன. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு எண்ணங்கள் சேர்ந்தே எழுகின்றன. பம்புசெட் ஓடுகிற ஒவ்வொரு தோட்டத்திலும் அந்த இயக்கம் வென்றிருக்கிறது என்ற நிறைவு ஒன்று. மின்சாரத்துக்குப் பிறகு விலை, கடன், நீர் என்று அடுத்தடுத்து கேட்டிருக்க வேண்டிய ஒரே பெரும் குரல் பல குரல்களாகிவிட்டதே என்ற ஆற்றாமை இன்னொன்று. உங்கள் இயக்கத்துக்கு முதலாவது வாய்க்க வேண்டும், இரண்டாவது நேரக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி, வேலைகளைப் பற்றி. ஒரு நாள் மாலை, தலைவரோடு அதிகம் சுற்றிய நான்கைந்து பேரை உட்காரவைத்து, அவர் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை இயக்கத்துக்காக என்னென்ன செய்தார் என்பதை எழுதச் சொல்லுங்கள். கிளைகளுக்குப் போன் செய்தவர் அவர். கோட்டாட்சியர் அலுவலகத்தில் போய் நின்றவர் அவர். புல வரைபடத்தையும், கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலையும் படித்து வாய்க்கால் எங்கே காணாமல்போனது என்று கண்டுபிடித்தவர் அவர். இரண்டு ஊருக்குள் தண்ணீர்த் தகராறு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து தீர்த்தவர் அவர். நன்கொடை கேட்டவர், மேடையில் பேசியவர், பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொன்னவர் எல்லாம் அவரே. எழுதி முடித்ததும் அது ஆறேழு பேருடைய வேலை என்பது தெரியவரும். அந்த அத்தனையையும் ஒருவர் தலையில் கட்டினால், மகனாக இருந்தாலும் துணைத் தலைவராக இருந்தாலும், ஆறு மாதத்தில் "அவர் மாதிரி வருமா" என்ற பேச்சுக்கு அவர் ஆளாவார். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருக்குத் துணையாக வயதில் இளைய ஒருவரையும் சேர்த்துவிடுங்கள். மேடைப் பேச்சை வேண்டுமானால் கடைசியாகப் பிரித்துக்கொள்ளலாம். கிளைகளோடு தொடர்பு வைத்திருக்கும் வேலைக்குத்தான் உடனே ஆள் தேவை.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு சங்கத்தின் தலைவர் இறந்து எட்டு மாதம் கழித்து அதன் நிர்வாகிகள் என் அலுவலகத்துக்கு ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ரசீது புத்தகங்கள், ரப்பர் முத்திரை, துருப்பிடித்த குண்டூசி குத்திய மனு நகல்கள் எல்லாம் இருந்தன. எந்த ஊரில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம் மட்டும் இல்லை. அது தலைவரின் சட்டைப் பையில் எப்போதும் இருந்த ஒரு சிறிய டைரியில் இருந்தது. வீட்டார் விவரம் தெரியாமல் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருந்தார்கள். நாற்பது ஊர்ச் சங்கம் அந்த ஒரு டைரியோடு போனது என்று சொன்னால் மிகையில்லை. இதைப் படித்து முடித்தவுடன் உங்கள் தலைவர் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியிடம் அனுமதி கேட்டு, டைரி, கைபேசியில் உள்ள எண்கள், கையெழுத்துக் குறிப்புகள் ஆகியவற்றை நகலெடுத்துக்கொள்ளுங்கள். அசல் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். அது அவர்களுடைய நினைவுப்பொருள்.

அடுத்தது சொத்து. அலுவலகம் இருக்கும் இடம் அவர் பெயரில் இருப்பதால், அவர் உயில் எழுதிவைக்காத பட்சத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் உயிரோடிருந்தால் தாயார் ஆகிய எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேரும். மகன் ஒருவர் மட்டும் "இடம் இயக்கத்துக்கே" என்று சொன்னால் போதாது. கட்டிக்கொடுத்த மகளின் கையெழுத்தும் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தனை வாரிசுகளும் சேர்ந்து சங்கத்தின் பெயருக்குப் பதிவுப் பத்திரம் எழுதிக்கொடுத்தால்தான் அது செல்லும். பணமும் அப்படியே. சொந்தக் கணக்கில் இருந்த தொகையை வங்கி நியமனதாரரிடம் (நாமினியிடம்) கொடுக்கும். அவர் வாரிசுகளுக்காக அதை வாங்கி வைத்திருப்பவர்தான். அதில் எவ்வளவு இயக்கத்தின் பணம் என்பதை உங்கள் ரசீதுகளைக் கொண்டு நீங்கள்தான் காட்ட வேண்டும். பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதியது நீங்கள் என்று கடிதத்தின் ஒரு மூலையில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த நோட்டுகள்தான் இப்போது இயக்கத்தின் முதல் சொத்து.

இந்தப் பேச்சைக் குடும்பத்தோடு தொடங்குவதற்கு உங்களுக்குத் தயக்கம் இருக்கும். கேட்டால் அவர்மீது சந்தேகப்படுவதுபோல் ஆகுமோ என்று தோன்றும். நடைமுறையில், கேட்காமல் விடுவதுதான் அவருடைய பெயருக்குக் களங்கம் தரும். இரண்டு ஆண்டு கழித்து யாராவது ஒருவர் டீக்கடையில் "அந்தப் பணம் எங்கே" என்பார், அதற்குப் பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார். பெரியார் 1973 டிசம்பரில் மறைந்தபோது இயக்கத்தின் சொத்துகள் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தன. 1949இல் அவர் மணியம்மையாரை மணந்துகொண்டதற்குச் சொன்ன காரணமே இயக்கத்துக்கும் சொத்துக்கும் பிற்காலப் பாதுகாப்பு என்பதுதான். அந்த ஏற்பாடே கழகத்தை உடைத்து தி.மு.க. பிறக்கக் காரணமானது என்பதும் வரலாறு. இருந்தும் 1973க்குப் பிறகு மணியம்மையார் ஐந்தாண்டுக்குக் குறைவான காலமே தலைமையில் இருந்து, அதிலும் நெருக்கடி நிலைக் காலத்தைக் கடந்து, 1978இல் மறைந்தபோது 'விடுதலை' நாளேடும் அமைப்பும் அடுத்தவர் கைக்குச் சேதமின்றி வந்து சேர்ந்தன. பத்திரம் சரியாக இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் இயக்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு பெற்றது என்று எழுதியிருப்பதால் ஒரு சில விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டப்படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது என்று நிகழ்ச்சிப் பதிவேட்டில் பாருங்கள். தலைவரின் மறைவால் செயற்குழுவில் ஏற்பட்ட மாற்றத்தைப் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே இந்த வாரமே அதைக் கவனியுங்கள். ஆண்டறிக்கைகள் சில வருடங்களாகத் தாக்கல் ஆகவில்லை என்றால் காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர்களை மாற்றச் செயற்குழுத் தீர்மானத்தின் நகல் தேவைப்படும். நடைப்பயணத்துக்குக் காவல் துறை அனுமதி தலைவர் பெயரில் கேட்கப்பட்டிருந்தால் புதிதாக மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனா, துணைத் தலைவரா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் நான் யார் பக்கமும் பேசப்போவதில்லை. மகன் என்பதால் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது. மகன் என்பதால் தகுதி இல்லாமலும் போய்விடாது. அவர் உறுப்பினர் சீட்டு எந்த ஆண்டு வாங்கினார், எத்தனை கிளைக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறார், வாய்க்கால் அளவெடுப்பு நடந்த நாளில் வெயிலில் நின்றாரா என்று கேளுங்கள். துணைத் தலைவரிடமும் அதையே கேளுங்கள். முடிவைப் பொதுக்குழுவில், கையைத் தூக்கச் சொல்லாமல், சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும் முறையில் எடுங்கள். கை தூக்கினால் துக்கத்துக்கும் தாட்சண்யத்துக்கும் கை தூக்குவார்கள். அதுவரை ஐந்து பேர் கொண்ட ஒருங்கிணைப்புக் குழு போதும். அதில் இருவரும் இருக்கட்டும். நடைப்பயணத்தில் இருவரும் சேர்ந்தே நடக்கட்டும். நடந்து முடித்த பின், துணைவிதி சொல்லும் நாள் கணக்கில் அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டுங்கள்.

பிரிவு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்தில் எல்லாருக்கும் தெரிந்த சாட்சி இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்த பிறகு கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 ஜனவரித் தேர்தலில் ஓர் அணி சேவலிலும் மற்றோர் அணி புறாவிலும் நின்றது. ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. இரண்டு அணிகளும் இணைந்த பிறகே இலை திரும்பக் கிடைத்தது. அவ்வளவு பெரிய கட்சிக்கே அந்த நிலை என்றால், உள்ளாட்சியில் ஒரு வார்டுக்கு முப்பது நாற்பது ஓட்டு வித்தியாசத்தில் வெல்லும் உங்களைப் போன்ற இயக்கத்துக்குப் பிளவு எவ்வளவு செலவு வைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். "தலைவர் கடைசியாக என்னிடம்தான் சொன்னார்" என்று பலர் சொல்லத் தொடங்குவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் அவர் ஏதோ ஒன்றை மனம் விட்டுச் சொல்லியிருக்கத்தான் செய்வார். ஆனால் தனியே சொன்னதை வைத்து இயக்கத்தை நடத்த முடியாது. கடைசி மூன்றாண்டுத் தீர்மானங்களில் அவர் கையெழுத்திட்டவற்றைத் தொகுத்து, நிறைவேறியது எது, நிற்பது எது என்று குறித்து, பத்துப் பக்கத்தில் அச்சிட்டு எல்லாக் கிளைகளுக்கும் கொடுங்கள். அவர் பெயரால் யார் எது சொன்னாலும், அந்தப் பத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்று கிளையில் இருப்பவரே கேட்டுக்கொள்வார்.

உங்களைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பதினொரு ஆண்டுக் கணக்கு, இருபத்திரண்டு ஊரிலும் வீட்டுக்குள் வரை போய்ப் பேசக்கூடிய பழக்கம், இரு தரப்பும் உங்களிடம் வந்து முறையிடுவது ஆகிய மூன்றும் அந்த இரண்டு வரியில் இருக்கின்றன. தலைவர் பதவிக்குப் பேசப்படும் பெயர்களில் உங்கள் பெயர் இல்லை; நீங்களும் அதைக் கேட்கவில்லை. அதற்குப் போட்டியிடுங்கள் என்று நான் தூண்டவில்லை. ஆனால் அந்த ஐவர் குழுவின் அமைப்பாளராக நீங்கள் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். "எனக்கு மேடையில் பேச வராது" என்று மறுக்காதீர்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு இந்த இயக்கத்துக்குத் தேவைப்படுவது ஒவ்வொரு கிளையையும் வாரம் ஒரு முறை கூப்பிட்டு, நடந்ததைக் கேட்டு, நோட்டில் எழுதி வைப்பவர்.

துணைவிதியின் நகலையும் கடைசிப் பொதுக்குழுவின் நிகழ்ச்சிக் குறிப்பையும் எனக்கு அனுப்பிவையுங்கள். தலைவர் பதவி காலியாகும்போது கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கும். சில துணைவிதிகளில் அது விட்டுப்போயிருக்கும். விட்டுப்போயிருந்தால், உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கூட்டத்தைக் கோரும் மனுவை நானே எழுதித் தருகிறேன். நடைப்பயணம் முடிந்த அன்றே கையெழுத்து வாங்கத் தொடங்கிவிடலாம்.